படையலில் ஒரு டம்ளர்

உலக மக்களின் மேலான கவனத்துக்கு: காந்தி மகான் பிறந்த குஜராத்தில் மது கிடையாது.

சட்டம் அப்படிச் சொல்கிறது. மகளின் கைபேசியும் அதையே சொன்னது. 'உங்கள் பகுதிக்கு இப்பொருளை அனுப்ப இயலாது.' பக்கத்தில் ஓர் அழுமூஞ்சிப் பொம்மை. வருத்தம் தெரிவிக்கிறதாம்.

தாய் தன் கணவரின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாம் நாள்.

இலையில் கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, ஒரு கட்டு பீடி. செத்தவருக்குப் பிடித்தது எதுவும் விட்டுப்போகக் கூடாது.

டம்ளர் மட்டும் காலி.

விழுப்புரத்திலிருந்து ரயிலேறி வந்திருந்த நாத்தனார் அஞ்சலை பெருமூச்சு விட்டாள்.

"குவார்ட்டர் இல்லாம என்னா படையல் அண்ணி? எங்கண்ணன் எட்டிப் பாத்துட்டு அப்படியே திரும்பிடும்."

அவள் காலி டம்ளரை இலையோரம் நகர்த்தி வைத்தாள்.

குடியை நிறுத்தத்தான் அவரை இங்கே இழுத்து வந்தாள். வீட்டை விற்று, மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தி, கடையே இல்லாத ஊருக்கு.

மனிதர் திருந்தினார். மில்லில் இரவுக் காவல். விடிந்து வரும்போது வாயில் ஏலக்காய் மணக்கும். வாரம் தவறாமல் சட்டைகளை இஸ்திரிக்குப் போட்டார். வந்த கட்டைத் தானே வாங்கி, தானே அலமாரியில் அடுக்கினார். பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

ஈரல் போய்விட்டது, குடிப்பாரா என்று டாக்டர் கேட்டபோது அவளுக்குக் கோபமே வந்தது. இது குஜராத் என்று டாக்டருக்கு எடுத்துச் சொன்னாள்.

வாசலில் நிழல் தட்டியது.

இஸ்திரிக்காரர் தனவேல். ஊருக்குப் போயிருந்தவர் அன்றுதான் திரும்பியிருந்தார். சேதி தெரியாது.

"அண்ணன் இல்லீங்களாக்கா? அவர் கையிலதான் குடுக்கணும்."

பிறகு படத்தைப் பார்த்தார்.

கட்டை வாசற்படியில் வைத்தார். கும்பிட்டார். கூலி கேட்காமல் போய்விட்டார்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

இரண்டு சட்டைகளுக்கு நடுவே, மடிப்புக் கலையாமல், தட்டையாக ஒரு பாட்டில்.



அவளே மூடியைத் திருகினாள். டம்ளரில் ஊற்றினாள். எவ்வளவு தண்ணீர் கலப்பார் என்று தெரியவில்லை. வெகுநேரம் செம்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

கற்பூரம் ஏற்றினார்கள்.

விழுப்புரத்தில் அவர் கடைவரைக்கும் நடந்தாவது போய்வந்தார்.