எதிர்வரிசை

தலைநகரை எதிரிப்படை சூழ்ந்துவிட்டது. உயிரோடு மிஞ்சிய உறுப்பினர்கள் எல்லோரும் ஓடிப்போன நாடாளுமன்ற அவையில் பிரதமர் மரகதவல்லியும் தளபதி இருதயராஜும் மட்டுமே நின்றிருந்தார்கள். தேர்தலை நிறுத்தி, ஆட்சியை ராணுவத்திடம் ஒப்படைக்கும் தீர்மானம் அவள் கையில் இருந்தது.

"கையெழுத்துப் போடுங்கம்மா. ஏன்னு கேக்க இங்க யாரு இருக்கா?" என்றார் தளபதி.

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. "வேண்டாம்னு சொல்ல ஒருத்தருக்காவது இடம் இருந்தாத்தான் இது நாடு, தளபதி" என்றவள், காலி இருக்கைகளைப் பார்த்துக் கேட்டாள்: "எதிர்ப்பவர்கள் உண்டா?"

"நான் எதிர்க்கிறேன்."

எதிர்வரிசையின் முதல் இருக்கையிலிருந்து வந்தது அந்தக் கரகரத்த குரல். எதிர்க்கட்சித் தலைவர் தணிகாசலத்தின் குரல். குண்டுவீச்சில் இறந்த அவர் உடலுக்கு முந்தின நாள்தான் அவள் மாலை வைத்திருந்தாள்.

தளபதியின் கை துப்பாக்கிக்குப் போனது. "யாருய்யா அங்க?"

"குறுக்கே பேசாதீங்க. அவர் சொல்லி முடிக்கட்டும்" என்றாள் மரகதவல்லி.

காலமெல்லாம் அவரோடு மல்லுக்கட்டியவளுக்கு, அந்தக் குரலைக் கேட்டதும் முதல்முறையாகத் தெம்பு வந்தது. தீர்மானத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தணிகாசலம் தொண்டையைச் செருமினார். மின்சாரமே இல்லாத அந்த அவையில், அவருக்குப் பின்னால் மேசைக்கு மேசை மைக்கின் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது.