பினாங்கு டப்பா

“அந்தா வாரான் பாருங்கண்ணே, ஆட்டுக்குட்டியக் குடுத்து ஓட்ட டப்பா வாங்கின மகராசன்!”

ராஜகுரு சொன்ன வேகத்தில், பக்கத்து நூல்கடை நவநீதகிருஷ்ணனுக்குக் காபி புரையேறிவிட்டது.

அருப்புக்கோட்டை பஜாரில் ரேடியோவும் டி.வி.யும் விற்றுப் பழுதுபார்க்கிற கடை ராஜகுருவுடையது. வெயிலில் ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தவன், பரளச்சிப் பள்ளிக்கூடத்தில் அவனோடு எட்டாவது வரை படித்த மொக்கையன். இப்போது பஞ்சுக் கிட்டங்கியில் லோடு ஏற்றுகிறான்.

மொக்கையன் படியேறி, துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேஜைமேல் வைத்தான். உள்ளங்கையளவு நீலப் பெட்டி. நடுவில் கண்ணாடி, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பொத்தான்.

“வீட்டுக்குக் கூரை மாத்துனோம் அண்ணாச்சி. முகட்டுல செருகி வச்சிருந்தது விழுந்துச்சு. ஓடுமான்னு பாருங்களேன்.”

ராஜகுருவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதின்மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதைக்கு, சாட்சி தானாகவே நடந்து வந்து நிற்கிறது.

“இதாண்ணே அது. எம்பத்தஞ்சுல எங்க சித்தப்பா பினாங்குலருந்து கொண்டாந்த வீடியோ கேமு. மரத்து மேல இருந்து கொரங்கு தேங்காய எறியும், கீழ நிக்கிறவன் கூடையில புடிக்கணும். இதத் தொட்டுப் பாக்க ஊருல பயலுக தவங்கிடந்தானுக. அதுல மொத ஆளு இவன்.”

“பெறகு ஏன் தம்பி குடுத்தீக?”

“செத்துப்போச்சுல்ல! சித்தப்பா வச்சிட்டுப் போன புது பேட்டரியப் போட்டும் மூச்சு விடல. செத்தத வச்சு என்ன செய்ய? ‘பேட்டரிதாம்லே தீந்துருச்சு, டவுனுல வாங்கிப் போட்டா ஓடும்’னு இவன் தலையில கட்டிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே ஒரு வெள்ளாட்டுக் குட்டியத் தோள்ல போட்டுக் கொண்டாந்துட்டான்.”

“குட்டிய வச்சு நீங்க என்ன செஞ்சீக?”

“எனக்கென்ன தெரியும் ஆட்டப் பத்தி? வீட்டுக்குப் பின்னால இருபது உருப்படி நின்னுச்சு, புழுக்கை நாத்தம் ஆகாதுன்னு நான் தொழுப் பக்கமே போனதில்ல. அன்னைக்குத்தான் கதவத் தொறந்து குட்டிய உள்ள விட்டேன். அது என்ன செஞ்சுச்சு தெரியுமா? நேரா ஓடி ஒரு ஆட்டு மடியில முட்டிப் பாலக் குடிக்க ஆரம்பிச்சிருச்சு. இவன் வீட்டுல பட்டினி போட்டு வச்சிருப்பான்போல. எது வாழுற வீடுன்னு குட்டிக்கே தெரிஞ்சுபோச்சு, இவனுக்குத்தான் ஒண்ணும் தெரியல!”

மொக்கையன் தலையைக் குனிந்து, துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

“இத ஒரு தடவையாச்சும் தொறந்து பாத்தியாலே?”

“இல்ல அண்ணாச்சி. பேட்டரி கேட்டேன், அப்பிடி ஒண்ணு கெடையாதுன்னுட்டாக. தொறந்தா கெட்டுப்போயிரும்னு அப்பிடியே வச்சுட்டேன்.”

“கெட்டுப்போயிருமாம்ல!” என்று சிரித்தபடியே ராஜகுரு பின்பக்க மூடியைக் கழற்றினான். பொத்தான் மாதிரி இரண்டு பேட்டரிகள் பச்சை பூத்துக் கிடந்தன. இடுக்கியால் முதல் பேட்டரியைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

இரண்டுமே தலைகீழாகப் போடப்பட்டிருந்தன. போட்டது அவனுடைய கைதான்.

பெட்டி சாகவே இல்லை. ராஜகுரு ஓரக்கண்ணால் பார்த்தான். நவநீதகிருஷ்ணன் பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நல்லவேளை.

பச்சையைச் சுரண்டித் துடைத்து, வாட்ச் பேட்டரி இரண்டை ஒழுங்காகப் போட்டான். ‘கீக்’ என்றது. கண்ணாடிக்குள் குரங்கு கையைத் தூக்கியது.

அவனுடைய கட்டைவிரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஏழு தேங்காய், பத்தொன்பது, முப்பது. நாற்பத்தொன்றில்தான் கோட்டைவிட்டான். நவநீதகிருஷ்ணன் இரண்டு தரம் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. இதை இனி எப்படித் திருப்பிக் கொடுப்பது?

முகத்தைச் சுளித்துக்கொண்டான்.

“உள்ள பூராம் துருப்பிடிச்சுக் கெடக்குலே. நாலு நாளைக்கு ஓடுனா பெருசு. உனக்கெதுக்கு இந்தக் கருமம்? இத இங்கயே போட்டுட்டு, அந்த ரேடியோவ எடுத்துக்க.”

அலமாரியில் இருந்தது அட்டைப்பெட்டி பிரிக்காத ரேடியோ. மொக்கையன் நம்பாமல் பார்த்தான்.

“புதுசா அண்ணாச்சி?”

“வேணாம்னா போ.”

மொக்கையன் போகவில்லை. ரேடியோவை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டான். கையில் இருப்பதன் அருமை தெரியாத முட்டாள், இரண்டாவது தடவையும் ஏமாந்தான் என்று ராஜகுரு மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

“என்ன தம்பி, ஓட்ட டப்பாவுக்குப் புது ரேடியோவா?” என்றார் நவநீதகிருஷ்ணன்.

“போயிட்டுப் போகுதுண்ணே. அறியா வயசுல ஒருத்தன ஏமாத்துன பாவம் நமக்கெதுக்கு?” என்ற ராஜகுரு, படியிறங்கியவனைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். “ஏலே மொக்கையா! உன் குட்டிக்கு ஈடு குடுத்தாச்சு. இனிமே நான் ஏமாத்திட்டேன்னு எவன்கிட்டயும் பேசப்படாது, ஆமா!”

மொக்கையன் கடைசிப் படியில் நின்றான். ரேடியோவை அக்குளில் இறுக்கிக்கொண்டு, ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டுத்தான் திரும்பினான்.

“அந்தக் குட்டியே காலையில உங்க தொழுவுல புடிச்சதுதான அண்ணாச்சி!”