கனகசுந்தரத்தின் தாகம்

வயிற்றில் செருகிய குழாய் வழியே இரண்டு லீற்றர் சீனித்தண்ணீர் உள்ளே போயிருந்தது. வெளியே வந்தது இரண்டு லீற்றரும் முந்நூறு மில்லியும்.

நேர்ஸ் ஐவி அளந்து எழுதினாள்.

வயிற்றுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தாண்டி, இரத்தத்தின் கழிவு அந்தத் தண்ணீருக்குள் இறங்கும். உடம்பில் தேங்கிய நீரையும் சீனி இழுத்து வந்துவிடும். சிறுநீரகம் இரண்டும் பழுதான கனகசுந்தரத்தின் உயிர் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நேர்ஸ் அளந்து தரும் தண்ணீருக்கு மேல் ஒரு சொட்டும் அவர் குடிக்கக்கூடாது.

ஓடட்டும். செத்துத் தொலைந்தால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

ஆறு வருடத்துக்கு முன், துறைமுகத்தில் தொழிலாளரை வேலை வாங்கும் ஓவசியராக இருந்த இதே மனிதர்தான் அவள் புருசன் இக்னேசியசை நச்சுக்காற்று நிறைந்த எண்ணெய்த் தாங்கிக்குள் இறக்கினார். மேலே வந்தது பிரேதம். குடித்துவிட்டுத் தானாக இறங்கினான் என்று விசாரணையில் சொல்லித் தப்பிக்கொண்டார். பீடிகூடத் தொடாத மனுசனை! அன்றிலிருந்து கோயிலிலும் சந்தையிலும் ஐவி, குடிகாரன் பெண்சாதி.

பின்னேரம் அவருடைய மனைவி அன்னலட்சுமி, வாய் சீவிய செவ்விளநீரோடு வந்து நின்றாள். சூடு தணியுமாம். குடிக்கக் கொடுக்கலாமோ என்று கேட்டாள்.

ஐவி தலையை ஆட்டினால் போதும். இளநீரில் உள்ள பொட்டாசியத்தை அந்த உடம்பால் வெளியே தள்ள ஏலாது. இதயம் நின்றுவிடும். கேட்பாரும் இல்லை.

அவள் இளநீரைப் பறித்தாள். வெடித்த உதட்டோடு அவர் பார்த்துக்கொண்டிருக்க, கட்டிலருகில் நின்று கடைசிச் சொட்டுவரை தானே குடித்தாள். நெஞ்சு குளிர்ந்தது.

"இக்னேசியஸ் அண்டைக்குக் குடிச்சிருந்தவரோ? வாட்டு முழுக்கக் கேக்கச் சொல்லுங்கோ. தண்ணி தாறன்."

கனகசுந்தரம் மனைவியைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த துறைமுகத் தொழிலாளி ஜமால்தீனைப் பார்த்தார். ஐவி அவசரப்படவில்லை. ஆறு வருடம் பொறுத்தவளுக்கு இது என்ன பெரிய நேரம்?

"அவன் குடிக்கேல்லை... காத்துப் பிழையெண்டு தெரிஞ்சும் நான்தான் இறக்கினனான்."

ஜமால்தீன் எழும்பி உட்கார்ந்துவிட்டார். அன்னலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

ஐவி அலுமாரியைத் திறந்து, மூடி வைத்திருந்த கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

காலை எட்டு மணிக்கே அவருக்குக் கொடுக்கச் சொல்லி டொக்டர் எழுதிவைத்த தண்ணீர் அது.