தீக்குச்சி ரிப்பேர்

கிருஷ்ணகிரி மிஷன் ஆஸ்பத்திரியில் துணி உலர்த்தும் மெஷின் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் அருள்ஜோசப் மீட்டரோடு வந்தான். சலவை அறையில் தேவமணி மட்டும் இருந்தாள்.

"எப்பருந்து ஓடல?"

"காலையிலருந்துங்க."

கரண்ட் வந்துகொண்டுதான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷின் கதவைச் சாத்தி, கதவு சுவிட்சில் மீட்டரை வைத்தான். முள் அசையவில்லை.

"சுவிட்சுதான் வேலை செய்யல."

"அறுபத்திரெண்டுல மெஷின் வந்த புதுசுலயும் இதே ரிப்பேர்தானுங்க. ராயக்கோட்டையிலருந்து ஒருத்தர் சைக்கிள் மிதிச்சுக்கிட்டு வருவாரு. ஆறு வருசம் ஓடிப்போச்சு."

அவன் சுவிட்சைக் கழற்றினான். உள்ளே ஒடித்துச் செருகிய தீக்குச்சித் துண்டு. அப்போதும் இதே இடத்தில்தான் இருக்கும்.

"இப்ப எதுக்குடி இது?"

"கல்யாணத்துக்கு முந்தி மெஷின் கெட்டாத்தான எங்கிட்டப் பேச வருவீங்க? இப்ப மூணு நாளா வீட்டுல பேச்சே இல்ல. அதான்."

அருள்ஜோசப் தீக்குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெஷின்மேல் சாய்ந்து உட்கார்ந்தான்.

"பெரிய ரிப்பேரு, மத்தியானம் வரைக்கும் ஆகும்னு சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டு வா."