வண்டிக்கு விட்ட வழி

“நல்லையா அண்ணன் செஞ்சது அநியாயம்!”

பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நூர் பீவி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தாகேதாப் பேட்டையில் அவர்கள் சந்தில் தீப்பிடித்தது முந்தாநாள் மத்தியானம். பிள்ளை பெற்ற அசதியில் அவள் கண்ணயர்ந்திருந்தாள். எங்கேயோ தகரத்தைத் தட்டுகிற சத்தம். யாரோ அவளையும் குழந்தையையும் பாயோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

பள்ளிவாசல் தாழ்வாரத்தில் கிடந்தபடி அவள் பார்த்ததெல்லாம் பாதிக் கனவு. வானம் தேன் நிறத்தில் இருந்தது. சாம்பல் முருங்கைப் பூப்போல மெல்ல மெல்ல இறங்கியது. ஒன்று குழந்தையின் நெற்றியில் வந்து உட்கார்ந்தது. கூச்சல்கூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது.

பொழுது சாயத் திரும்பி வந்தாள். அவள் வீடு அப்படியே நின்றது. எதிர் வீடு இல்லை.

தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியவில்லையாம். சந்து முனையில் இந்தப் பக்கம் நூர் பீவி வீடு, அந்தப் பக்கம் தோசைக்கடை கனகாம்பாள் வீடு. ஒன்றை இடித்தால்தான் வழி. ஊர் ஜனமெல்லாம் குடத்தோடு ஓடையோரம் நின்ற நேரம். வார்டு தீக்காவல் தலைவர் நல்லையா நீளக் கொக்கியால் இழுக்க, கனகாம்பாளின் கூரை சரிந்தது. வண்டி உள்ளே போனது. சந்து பிழைத்தது.

ஆனால் நல்லையாவுக்கும் கனகாம்பாளுக்கும் வெகுநாளாகப் பேச்சு இல்லை. வெயில் காலத்தில் பகலில் அடுப்பு எரியக்கூடாது என்று அவர் சட்டம் பேச, அவள் பதிலுக்குப் பேச, வளர்ந்த சண்டை அது.

“சமயம் பார்த்துப் பழி வாங்கிட்டாரு” என்றார் டீக்கடை உதுமான்.

நூர் பீவிக்குத் தாங்கவில்லை. டீக்கடை வாசலிலேயே நல்லையாவை மறித்தாள்.

“ஏண்ணே, ஒத்தைப் பொம்பளை வீடுதான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

நல்லையா இடுப்பு லோஞ்சியைக் கைலிபோல இறுக்கிக் கட்டிக்கொண்டார். “வண்டி உள்ளே வரணும்ல தங்கச்சி.”

“அந்த வாசல்ல தோசை சுட்டுத்தானே அக்கா சாப்பிடுது? இனிமே எங்கே போகும்?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தார்.

“தப்புதாம்மா” என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

“பாத்தியா, ஒத்துக்கிட்டாரு!” என்றார் உதுமான்.

நூர் பீவி நேரே காளி கோயிலுக்கு நடந்தாள். மண்டபத்தில் சாம்பிராணிப் புகை தூங்கிக்கொண்டிருந்தது. தூணோரம் மூட்டை முடிச்சோடு கனகாம்பாள், தோசைக் கல்லின் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா, வார்டு ஆபீசுக்குப் போவோம். நான் சாட்சி சொல்றேன்.”

“எதுக்குடி?”

“நல்லையா அண்ணன் மேலே புகார் கொடுக்க. அவரு இனிமே கொக்கியைத் தொடவே கூடாது.”

கனகாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினாள். அதன் உச்சந்தலையை முகர்ந்தாள். வெளியே புறாக்கள் எழும்பி மெதுவாக ஒரு வட்டம் அடித்தன.

“அவரு ஒண்ணும் சொல்லலையா?”

“என்னத்தைச் சொல்றது? தப்புதான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு. ஊரே காறித் துப்புது.”

கனகாம்பாளின் கண் கலங்கிவிட்டது.

“பாவி மனுஷன். சொல்லாதீங்கன்னு சொன்னா, இப்படியா ஒருத்தர் வாயைக் கட்டிக்கிட்டு இருப்பாரு?”

“என்னக்கா சொல்றீங்க?”

கனகாம்பாள் குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“சந்துக்குள்ளே நீட்டிக்கிட்டு நிக்கிறது உன் வீட்டு அடுக்களைதான் நூரு. அவரு கொக்கியை மாட்டினதும் உன் கூரையிலதான். மழை வர்ற நேரத்துல பச்சை உடம்புக்காரி எங்கே போவான்னு, நான்தான் அதைக் கழட்டி என் கூரையில மாட்டினேன்.”