வேலிக்கு வெளியே விழும் நிழல்

பசுமைக் கட்டடச் சான்றிதழ் பெறுவதற்கு, மனையில் முன்பே நின்ற மரத்தைக் காப்பாற்றினால் மதிப்பெண் உண்டு. ஆகவே, மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தைய நாள், அங்கிருந்த ஒரே புங்கமரத்தைச் சுற்றி இரும்பு வேலி எழுப்பப்பட்டது. கிளையில் தொங்கிய தூளியை அவிழ்க்குமாறு பொறியாளர் ஜெயசீலன் கூறினார்.

“சார், புள்ளைக்குக் காய்ச்சல். வெயில் ஆகாது,” என்றாள் சித்தாள் குருவம்மாள்.

“கயிறு உரசிப் பட்டை உரிஞ்சா பாயிண்ட் போயிடும்மா.”

“அப்போ கட்டடத்துக்குள்ள போட்டுக்கிறேன்.”

“உள்ள குழந்தைங்க இருக்கக் கூடாது, பாதுகாப்பு விதி. பொறு, சாயங்காலம் நிழல் தானா வேலியைத் தாண்டி வரும். அதை நான் தடுக்க மாட்டேன்.”

உடன் நின்றவர்கள் சிரித்தார்கள். மேலிருந்து மேஸ்திரி, “ஏய், கலவை இறுகுது!” என்று கத்தினார்.

குருவம்மாள் மரத்தையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தாள். மாலையில் நிழல் விழக்கூடிய இடத்தைத் தீர்மானித்து, அங்கே தூளிச்சேலையை விரித்துக் குழந்தையைக் கிடத்திவிட்டுக் கலவை சுமக்கப் போனாள். வேலிக்குள் லாரித் தண்ணீர் மரத்தின் வேருக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

குழந்தையின் அழுகை பிற்பகல் வரை கேட்டது. பின்பு நின்றது. அதற்கும் வெகுநேரம் கழித்து, பொறியாளர் சொன்னவாறே, நிழல் வேலியைக் கடந்து வந்து குழந்தையின்மேல் படர்ந்தது.