மூடிய கை

ஆறு வருஷமாகப் புருஷன் ஆவுடையப்பனிடம் சொல்லாததை, பிசியோதெரபிஸ்ட் ஜெபமணி அம்மாளிடம் பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டாள் கோமதி: அவன் கூடும்போதெல்லாம் உயிர் போகிற வலி என்று. அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வதை வெட்கம் என்றே அவன் நினைத்திருந்தான். இப்போது செவ்வாய்க்கிழமையானால் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறாள். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கிறது. அதைப் பார்த்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போயும் போயும் ஒரு பெண்மீது பொறாமையா என்று கூச்சமாகவும் இருந்தது.

"அந்தம்மாட்ட மட்டும் எப்படி வாய் தொறந்த?"

"அவங்க கேட்டாங்க."

சுருக்கென்றது. "அப்படி என்னதான் சொல்லிக் குடுக்காங்க?"

கோமதி தன் கையை இறுக்கி மூடி அவன் உள்ளங்கையில் வைத்தாள். "உள்ள தசை இப்படித்தான் தானா இறுகிக்கிடுதாம். தொறங்க பாப்போம்."

அவன் அவள் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தான். கை இன்னும் இறுகியது.

"அவங்க எப்படித் தொறந்தாங்களாம்?"

"தொறக்கல. சும்மா பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க."

"எவ்வளவு நேரம்?"

"மொத நாள் முழுக்க."

அவன் தன் விரல்களை விலக்கிக்கொண்டான். அவள் கட்டைவிரல் சிவந்திருந்தது. இவ்வளவு காலமும் வராத சொல் அப்போதுதான் வாயில் வந்தது.

"வலிக்கா?"

கோமதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கை மூடியேதான் இருந்தது. சுண்டுவிரல் மட்டும் லேசாக அசைந்தது.